அரை மில்லிமீட்டர் கணக்கு

மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். இடையில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஆலையைவிட்டு வெளியேறின. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. அல்லது ஓட்டையும் உடைசலுமாக நின்று, யாராவது எஞ்சினைப் பிரித்து உயிர்கொடுக்கக் காத்திருக்கின்றன. அப்படிப் பிரிக்கும் நாளில் மெக்கானிக் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "பிஸ்டன் செட் மாத்திடலாம் சார்." உதிரிபாகக் கடைக்குப் போனால் கம்பெனி சரக்கு, வெளிச் சரக்கு, பெயரே கேள்விப்படாத சரக்கு என மூன்று பெட்டிகள் மேசைமீது வந்து உட்காரும். விலையில் பெரிய வித்தியாசம். வண்டியே பழையது, கையிருப்பும் குறைவு. எதை வாங்குவது?

பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் பட்டறையில் பிரித்துக் கிடக்கும் பிளாக்குக்குள் இருக்கிறது. எந்த அளவு பிஸ்டன் வேண்டும் என்பதைச் சிலிண்டரின் தேய்மானம் தீர்மானிக்கும். பிறகு வாங்கிவந்த பிஸ்டன், சிலிண்டரைக் கடைசியாக எந்த அளவுக்குக் குடைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். இந்த இரண்டு அளவெடுப்புகளும் ஒழுங்காக நடந்தால் நடுத்தர விலைப் பிஸ்டனே பல்லாண்டு உழைக்கும். நடக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

பிரிப்பதற்கு முன்

புகை வந்தாலே பிஸ்டன் போய்விட்டது என்று பொருளில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குவதாக இருக்கலாம். அதைச் சரிசெய்யப் பிளாக்கைத் தொடவே வேண்டாம்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, எஞ்சினைச் சுழற்றி அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். பிஸ்டன் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும். அளவு நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ தேட வேண்டும். தேவையில்லாத பிஸ்டன் செட்டை வாங்காமல் தடுக்கும் இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

தேய்மானம் ஒரே சீராக நடப்பதில்லை

குற்றம் சிலிண்டரில்தான் என்று தெரிந்து பிளாக்கைத் திறந்தாயிற்று. மாருதி 800 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 72 மி.மீ. இந்த இரண்டையும் வைத்து மூன்று சிலிண்டருக்கும் கணக்கிட்டால் 796 சி.சி. வரும், வண்டியின் ஆவணத்தில் இருப்பதும் அதே எண்தான்.

ஓடிய எஞ்சினில் இந்த 68.5 எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் அதன் வேகம் பூஜ்யமாகிறது. அங்கே ஆயில் படலம் மிக மெல்லியது, வெப்பமும் எரிதலின் அழுத்தமும் உச்சம். அதனால் மேல் ரிங் எட்டும் உயரத்துக்குக் கீழே சுவர் அதிகம் தேய்கிறது. அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி பழைய அளவிலேயே நின்று, விரல் நகத்தில் தட்டும் ஒரு விளிம்பாகிறது. கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் கிராங்குக்குக் குறுக்கான திசையில் தேய்மானம் கூடுதல். ஆக, வட்டமாக இருந்த துளை மேலே அகன்று, கீழே குறுகி, சற்றே நீள்வட்டமாகவும் ஆகிவிடுகிறது.

எனவே ஒரே இடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும், போர் டயல் கேஜ் கொண்டு ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். அளவுகளுக்கிடையே 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ரீபோர் (சிலிண்டரை மறுபடி பெரிதாகக் குடைதல்) தேவை என்பது இந்த வகைச் சிறிய எஞ்சின்களுக்குப் பொதுவான எல்லை.

"ரிங் மட்டும் மாத்துங்க"

செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். சில நேரம் இது சரியான முடிவும்கூட. எப்போது சரி, எப்போது தவறு என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

ரிங் முழு வட்டமல்ல. ஓரிடத்தில் வெட்டப்பட்டு இடைவெளி விடப்பட்டிருக்கும். சிலிண்டரின் விட்டம் 0.1 மி.மீ. கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு, அதாவது 0.31 மி.மீ. கூடும். அந்தக் கூடுதல் முழுவதும் ரிங்கின் வாயில்தான் வந்து சேரும். புது ரிங்குக்கு விட்டத்தில் 100 மி.மீ.க்கு 0.4 மி.மீ. இடைவெளி என்பது வழக்கமான விதி, 68.5 மி.மீ.க்கு அது 0.27. தேய்ந்த இடத்தில் அதுவே 0.58 ஆகிவிடுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, மேலே அகன்று கீழே குறுகிய துளையில் ரிங் ஒவ்வொரு ஏற்றத்திலும் விரிந்து, ஒவ்வொரு இறக்கத்திலும் சுருங்க வேண்டியிருக்கிறது. பழைய ரிங் அந்த விளிம்புக்கு ஏற்ப மேல்முனை மழுங்கியிருக்கும். முனை கூர்மையான புது ரிங் விளிம்பில் மோதி உடையவும் கூடும்.

ஆகவே ஆறு அளவுகளும் எல்லைக்குள் இருந்தால் பழைய பிஸ்டனையே வைத்துக்கொண்டு, விளிம்பை நீக்கி, சிலிண்டரைக் கல்லால் லேசாகத் தேய்த்து (ஹோன் செய்து) புது ரிங் போடலாம். அதற்கு முன் பழைய பிஸ்டனையும் பரிசோதிக்க வேண்டும். கரியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரிங்கைப் பள்ளத்தில் வைத்து, மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்று ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். புதிதில் இது 0.03 முதல் 0.07 மி.மீ. வரை இருக்கும். மேல் பள்ளத்தில் 0.12 தாண்டிவிட்டால் ரிங் அங்கே தடதடத்து, ஆயிலை மேலே ஏற்றத் தொடங்கும். கனெக்டிங் ராடைக் கோக்கும் பின்னின் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல், கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டில் ஆழமான கோடு, தலையின் ஓரத்தில் அரிப்பு என எது தெரிந்தாலும் அந்தப் பிஸ்டன் பழைய இரும்புக் கடைக்குத்தான். வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றிய பிஸ்டன் மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களும் இதே சோதனைகளைச் செய்தாக வேண்டும்.

இருபத்தைந்தா, ஐம்பதா

ரீபோர் தேவை என்றால் அடுத்த கேள்வி அளவு. இந்த எஞ்சினுக்கு 0.25, 0.50 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. சுவரில் சதை மிச்சம் வைக்கலாமே என்று பலரும் சின்னதைக் கேட்பார்கள். அளவெடுத்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

ஒரு சிலிண்டர் 0.12 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.25 ஓவர்சைஸ் தாராளமாகப் போதும் என்று தோன்றும். அந்தத் தேய்மானம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நடந்திருந்தால்? துளையின் மையம் நகரக் கூடாது. கிராங்குக்கு நேர் மேலேதான் இருக்க வேண்டும். அப்போது மையத்திலிருந்து ஒரு பக்கம் 0.12 பள்ளம். அதை முழுதாக நீக்க எல்லாப் பக்கமும் 0.12 குடைய வேண்டும். விட்டத்தில் அது 0.24. ரீபோர் கருவி விட்டுச்செல்லும் சொரசொரப்பை ஹோனிங்கில் நீக்க இன்னும் 0.03 முதல் 0.05 வரை தேவை. 0.25 போதாது. பிஸ்டன் செட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டவர் இந்த இடத்தில்தான் இரண்டாம் முறை கடைக்குப் போகிறார்.

ஒரே ஒரு சிலிண்டர்தான் கெட்டிருக்கிறது, அதை மட்டும் குடைந்தால் ஒரு பிஸ்டன் விலையோடு போய்விடுமே என்றும் கேட்கலாம். சுசுகியின் பட்டறைக் கையேடுகள் இதை ஏற்பதில்லை. ஒன்றைக் குடைந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குடையச் சொல்கின்றன. காரணம் எடை. மூன்று சிலிண்டர் எஞ்சினில் கிராங்கின் மூன்று முழங்கைகளும் 120 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. மூன்று பிஸ்டன்களின் எடையும் சமமாக இருந்தால்தான் மேலும் கீழுமான விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும்.

அந்த விசை எவ்வளவு? நிமிடத்துக்கு 6,000 சுற்றில் உச்சியில் திரும்பும் பிஸ்டன் அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போலக் கிட்டத்தட்ட 1,900 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து கால் கிலோ என்று கொண்டால், அந்தக் கணத்தில் கனெக்டிங் ராடு இழுத்துப் பிடிக்கும் சுமை 470 கிலோ. இரண்டு பிஸ்டன்களுக்கிடையே 5 கிராம் வித்தியாசம் இருந்தால் அது 9 கிலோவுக்கு மேற்பட்ட சமனின்மையாகி, நொடிக்கு நூறு தடவை எஞ்சினை உலுக்கும். ஒரு கிராம் துல்லியமுள்ள எலக்ட்ரானிக் தராசு கையில் இருந்தால் கடையிலேயே மூன்றையும் நிறுத்துப் பார்த்துவிடலாம். மூன்றும் ஒரே எடை காட்டினால், பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் தயாரித்தவர் வேலை தெரிந்தவர் என்பதற்கு அது ஒரு சான்று.

0.50-ஐயும் தாண்டித் தேய்ந்துவிட்ட பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, வார்ப்பிரும்பு ஸ்லீவை அழுத்தி இறக்கி, மறுபடி 68.5-க்குக் குடைவார்கள். கூலி கூடும். ஆனால் ஸ்டாண்டர்டு பிஸ்டன் எங்கும் கிடைக்கும். அடுத்த தடவைக்கு இரண்டு ஓவர்சைஸும் மிச்சம் இருக்கும்.

எந்த உலோகம்

இப்போது மேசைமீதிருந்த பெட்டிகளைத் திறக்கலாம். எல்லாவற்றிலும் இருப்பது அலுமினியக் கலவைதான். நூறாண்டுக்கு முன் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. 1913-இல் பிரான்ஸில் டி.எஃப்.பி. கார் ஆலைக்குப் போன டபிள்யூ.ஓ. பென்ட்லி, அங்கே மேசைமீது காகிதம் பறக்காமல் வைத்திருந்த சின்ன அலுமினியப் பிஸ்டனைப் பார்த்தார். செம்பு கலந்த அலுமினியத்தில் பிஸ்டன் வார்க்கச் சொல்லித் தம் பந்தயக் காரில் போட்டார். எடை குறைந்ததால் எஞ்சின் வேகமாகச் சுற்றியது. முதல் உலகப் போரில் இந்த யோசனை விமான எஞ்சின்களுக்கும் போனது.

அலுமினியத்தின் குறை அதன் விரிவு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுபவர் இரும்பைக் காய்ச்சி, விரிந்ததும் மாட்டி, குளிர்ந்து இறுக விடுவார். சிலிண்டருக்குள் அதே விதி தலைகீழ்: உள்ளே இருப்பது சூட்டில் பெருத்துக்கொண்டு வெளியே இருப்பதை நெருக்குகிறது. பிஸ்டன் தலை 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குப் போனால் 68.5 மி.மீ. விட்டத்தில் சுமார் 0.3 மி.மீ. கூடும். சுற்றியுள்ள வார்ப்பிரும்புச் சுவர் கூலிங் தண்ணீரின் தயவில் 110 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. அது விரிவது 0.06 மட்டுமே. குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே விடும் கிளியரன்ஸோ 0.02 முதல் 0.04 வரைதான். பிறகு எப்படி ஓடுகிறது? பிஸ்டன் உருளையே அல்ல. தலைப் பக்கம் சில பத்தில் ஒரு மில்லிமீட்டர் சிறியது. ஸ்கர்ட் லேசாக உப்பியது. மேலிருந்து பார்த்தால், பின் இருக்கும் திசையில் ஒடுங்கிய நீள்வட்டம். சூடேறும்போதுதான் அது தன் வேலைக்குரிய வடிவத்துக்கு வருகிறது. எனவே பிஸ்டனின் அளவு என்பது பின்னுக்குக் குறுக்கான திசையில், தயாரித்தவர் குறிப்பிட்ட உயரத்தில், ஸ்கர்ட்டில் எடுக்கும் அளவு மட்டுமே. தலையில் மைக்ரோமீட்டரை வைத்துவிட்டு "சின்னதா இருக்கே" என்று பதறத் தேவையில்லை.

விரிவைக் குறைக்க வந்தது சிலிக்கன். அலுமினியத்தில் 12.6 சதவீதம் சிலிக்கன் சேர்ந்தால் கலவை 577 டிகிரியிலேயே உருகி நன்றாக வார்ப்புக்கு வரும். விரிவும் குறையும், தேய்மானமும் தாங்கும். வார்க்கும்போது சிலிக்கன் கரடுமுரடாகத் திரண்டு நொறுங்கும் சிக்கலை, 1920 வாக்கில் சோடியம் சேர்த்துத் தீர்த்தவர் அலடார் பாட்ஸ். இன்றும் சாதாரணக் காரில் இருப்பது பெரும்பாலும் ஏறக்குறைய 12 சதவீத சிலிக்கன் உள்ள வார்ப்புப் பிஸ்டனே. 1949-இல் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் சென்னை செம்பியத்தில் வேரூன்றியதால், இது நமக்கும் பழகிய தொழில். சிலிக்கனை 16 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் விரிவு இன்னும் குறையும், கடினம் கூடும்; அடி தாங்கும் தன்மை குறையும்.

அடுத்தது ஃபோர்ஜ்டு பிஸ்டன். வார்க்காமல் அழுத்தி உருவாக்குவது. அதிக விலை, அதிக பலம். டர்போ வைத்துப் பந்தயம் ஓடுபவருக்கு அது தேவை. பந்தயத்துக்கென்று செய்யும் கலவையில் சிலிக்கன் கிட்டத்தட்ட இருக்காது. எனவே விரிவு அதிகம், குளிரில் விட வேண்டிய கிளியரன்ஸும் இருமடங்குக்கு மேல். காலையில் ஸ்டார்ட் செய்து, கடைத்தெருவுக்குப் போய், அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் அந்தப் பிஸ்டன் பாதி நேரம் குளிர்ந்தே, தொளதொளவென்று சுவரில் அடித்துக்கொண்டிருக்கும். ஆக, வீட்டு உபயோக மாருதிக்கு வார்ப்புப் பிஸ்டன்தான் சரி. பணம் இருந்தாலும் இதே பதில்தான்.

கண்ணுக்குத் தெரியாத உயரம்

வெளிச் சரக்கில் கவனிக்க வேண்டியது பளபளப்பல்ல. பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம்.

சுருக்க விகிதம் 8.8 உள்ள ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் பெருக்கித் தள்ளுவது 265 சி.சி.; உச்சியில் எரிவதற்கு மிஞ்சும் இடம் 34 சி.சி. அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டால் மொத்தக் கொள்ளளவு 796-லிருந்து 808 சி.சி. ஆகும், விகிதம் 8.9-ஐத் தொடும். ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது. அதே அரை மில்லிமீட்டர் பின் உயரத்தில் கூடிவிட்டால், எரியும் இடத்திலிருந்து 1.8 சி.சி. பறிபோய் விகிதம் 9.2 தாண்டிவிடும். அகலத்தில் வந்ததைவிட நான்கு மடங்கு மாற்றம். முன்பே ஒருமுறை ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி ஹெட் ஃபேசிங் செய்திருந்தால் அதுவும் இதோடு சேரும். விளைவு நாக்கிங்: ஏற்றத்தில் கல்லெறிவதுபோன்ற சத்தம், பிஸ்டன் தலையில் அரிப்பு, உடையும் ரிங் வரப்பு. உயரம் குறைந்திருந்தால் கம்ப்ரஷன் குறைந்து வண்டி சோம்பிப்போகும்.

பழைய பிஸ்டனையும் புதியதையும் ஒரே பின்னில் கோத்து, சமதளத்தில் அருகருகே பிடித்துப் பார்த்தாலே பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும். வெர்னியரில் அளந்தால் எண்ணே கிடைக்கும். தலையில் வால்வுக்கான பள்ளங்கள் அதே இடத்தில், அதே ஆழத்தில் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். 800-இலேயே காலத்துக்குக் காலம் எஞ்சின் மாறியிருக்கிறது: முதலில் ஆறு வால்வு, பிறகு பன்னிரண்டு. விட்டமும் நகரும் தூரமும் இரண்டிலும் ஒன்றே. அதனால் "800-க்கு பிஸ்டன்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் தவறானதைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. எஞ்சின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பிஸ்டன் கைக்கு வந்தபின் போர்

லேத் பட்டறையில் நேரம் மிச்சம் பிடிக்க, பிஸ்டன் வருமுன்பே 69.00-க்குக் குடைந்துவிடுவதுண்டு. ஒழுங்கான முறை இதற்கு நேர்மாறு. மூன்று பிஸ்டன்களையும் மைக்ரோமீட்டரில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சிலிண்டர் என்று எண் போட்டு, பிஸ்டன் அளவோடு கிளியரன்ஸைக் கூட்டி அந்த அளவுக்கு ஹோன் செய்ய வேண்டும். 0.03 கிளியரன்ஸ் என்றால், 68.97 பிஸ்டனுக்கு 69.00, மூன்றாவது பிஸ்டன் 68.96 இருந்தால் அதன் சிலிண்டர் 68.99. நடுத்தர விலைச் சரக்கில் காணும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசங்களை இப்படியே விழுங்கிவிடலாம். விலையுயர்ந்த பிஸ்டனின் அருமையில் பெரும்பங்கு மூன்றும் ஒரே அளவில் இருப்பதுதான். அதைக் கைவேலையால் ஈடுகட்ட முடிகிறது.

ஹோன் கல் சுவரில் குறுக்கும் மறுக்குமாக விடும் மெல்லிய கோடுகள் அழகுக்கல்ல. ஆயிலைப் பிடித்துவைத்துப் புது ரிங் சுவரோடு பழக உதவும். ஹோனிங் முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்கு ஒட்டாத வரை கழுவ வேண்டும். பெட்ரோலில் துடைத்தால் கல்தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கி, புதிதாக வாங்கிய அத்தனையையும் அரைத்துத் தின்னும். கழுவிய உடனே ஆயில் தடவாவிட்டால் சுவர் துருப்பிடிக்கும். ரிங்கைத் தலைகீழான பிஸ்டனால் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனைகளும் முட்டி, சுவரைக் கீறும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எஞ்சினின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பின் துளை நடுவிலிருந்து சற்றே விலகியிருப்பது அடிக்கும் சத்தத்தைக் குறைக்க. திருப்பிப் போட்டால் அந்த ஏற்பாடே சத்தத்துக்குக் காரணமாகும்.

கையிருப்பை எங்கே செலவழிப்பது

பணம் குறைவாக இருக்கும்போது செலவின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அளவெடுப்பு, அடுத்து ரீபோரும் ஹோனிங்கும், மூன்றாவது நல்ல ரிங் செட், நான்காவதாகத்தான் பிஸ்டனின் பிராண்டு. ஃபோர்ஜ்டு பிஸ்டனையும், எடையும் அளவும் பொருந்தாத பெயரில்லாச் சரக்கையும் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நம்பகமான தயாரிப்பாளரின் வார்ப்புப் பிஸ்டனைப் பில்லோடு வாங்கினால் போதும்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதுமானது: "பிஸ்டனுக்கும் போருக்கும் எவ்வளவு கிளியரன்ஸ் வைப்பீங்க?" "கையில தள்ளினா டைட்டா போகும் சார், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். "பிஸ்டனைக் கொண்டாங்க, அளந்துட்டுச் சொல்றேன்" என்று சொல்பவரிடம், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.